1972 எம்ஜிபி ஜிடி, 8,750 பவுண்டு: வாங்கலாமா, வேண்டாமா?

ஹாரோவாசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கென்ட் பகுதியில் ஒருவர் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 8,750 பவுண்டுக்கு விற்கிறார். குரோம் பம்பர், கம்பிச் சக்கரங்கள், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்), சிவப்பு வண்ணம். பல ஆண்டுகளாக ஒரே கையில் இருந்த கார் என்கிறார். விளம்பரப் படங்களில் பளபளவென்று இருக்கிறது; ஆனால் அத்தனை படங்களில் ஒன்றுகூடக் காரின் அடிப்பக்கத்தைக் காட்டவில்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்கென்று ஒரு டொயோட்டா இருக்கிறது, வேலைக்கு ரயிலில்தான் போய்வருகிறேன். ஆகவே இந்தக் கார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கும், கோடையில் வேல்ஸ் மலைச் சாலைகள் வரை போய்வருவதற்கும் மட்டுமே. ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜ் உண்டு. பிரேக் பேட் மாற்றுவது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது வரை கைவேலை தெரியும், வெல்டிங் தெரியாது. ஒதுக்கி வைத்திருக்கும் பணம் பத்தாயிரம் பவுண்டு, அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. வாசலில் புதிதாகப் பதித்த கல்தளத்தில் எண்ணெய் சொட்டக் கூடாது என்பது மட்டும்தான் மனைவி விதித்திருக்கும் நிபந்தனை.

விலை நியாயமானதா, நேரில் போனால் முதலில் எதைப் பார்ப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய_இரும்பு எழுதியது:

நிபந்தனையிலிருந்தே தொடங்குகிறேன்: அதை நிறைவேற்ற முடியாது. இந்த இன்ஜின் சொட்டும். அடியில் ஒரு தகரத் தட்டு வைத்துவிட்டு, வீட்டில் சமாதானம் பேசிக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எம்ஜிபி 1962இல் அபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்தது. கூரையும் பின்கதவும் கொண்ட ஜிடி வடிவம், பினின்ஃபரீனா நிறுவனத்தின் கைவண்ணத்தோடு, 1965இல் வந்தது. 1980இல் ஆலை மூடப்படும் வரை எல்லா வகைகளும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் உருவாயின. இவ்வளவு விற்ற காரணத்தால் இதற்குக் கிடைக்காத உதிரிப் பாகமே இல்லை என்று சொல்லிவிடலாம். 1988 முதல் முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளில் புதிதாக அடித்துத் தருகிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், மின்கம்பிகள் எதுவும் உங்களைத் திவாலாக்காது. உங்களைத் திவாலாக்கக்கூடியது உடல் ஒன்றுதான்.

ஏனென்றால் இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி, இங்கே எல்லோரும் சில் என்று சொல்வது, அதுதான் காரின் முதுகெலும்பு. வெளியே ஒரு தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு, உள்ளே ஒன்று, அடியில் காசில் ரெயில் என்ற விளிம்பு என்று பல தகடுகள் சேர்ந்து அந்தப் பெட்டியாகின்றன. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் முன் மட்கார்டுக்குள் தங்கி, அங்கிருந்து இந்தப் பெட்டியை உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தடுப்புத் தகடு போய்ப் பல காலம் ஆகியிருக்கும்.

நேரில் போனால் வண்ணத்தைப் பாராட்டிக்கொண்டு நிற்காமல் முழங்காலிட்டுப் படுத்துவிடுங்கள். முன் மட்கார்டின் கீழ்முனை சில்லோடு சேரும் இடத்தில் ஒரு செங்குத்தான இணைப்புக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியாமல் வழவழவென்று இருந்தால் பட்டி பூசி மூடியிருக்கிறார்கள், அல்லது பழைய சில்லுக்கு மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றை அந்த நீளம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். எங்கெல்லாம் பிடிப்பு விடுகிறதோ அங்கெல்லாம் பட்டி. அடுத்து, விற்பவரின் அனுமதியோடு, கதவை மூடிவிட்டு, சில்லுக்கு நடுவே இருக்கும் ஜாக்கிப் புள்ளியில் காரைத் தூக்குங்கள். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி குறுகினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, அந்த உடல் தன் எடையையே தாங்கவில்லை. தூக்க அனுமதி மறுத்தால் அதுவே பதில்.

பின்னிருக்கைக்கு அடியில் மூடியைத் திறந்தால் இரண்டு பேட்டரிப் பெட்டிகள் இருக்கும். அந்தக் காலத்துக் காரில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. பெட்டிகளின் அடித்தகடு முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவின் கீழ்விளிம்பையும் விடாதீர்கள்.

விலையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். சில் நன்றாக இருந்தால் 8,750 கொடுக்கலாம். இல்லையென்றால் அதில் பாதிகூட அதிகம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வாங்கிய பிறகு ஆகும் செலவையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நாற்பது ஆண்டைக் கடந்த கார் என்பதால், வரலாற்று வாகனம் என்ற வகையில் பதிந்திருந்தால் சாலை வரி இல்லை. வி5சி பதிவுப் புத்தகத்தில் வரி வகை அப்படி மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் மாற்றாமலே வைத்திருப்பார்கள். அந்த வகையில் இருந்தால் புகை மிகுந்த வாகனங்களுக்கான லண்டனின் யூலெஸ் கட்டணமும் கிடையாது. 2023 ஆகஸ்ட் முதல் ஹாரோ உட்பட லண்டன் மாநகரம் முழுவதும் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டதால், பொருந்தாத பழைய கார்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு ஆகிறது; இந்தக் கிழவிக்கு அது இல்லை என்பது வேடிக்கைதான்.

காப்பீட்டில் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதித் தரும் பாலிசியை மட்டும் எடுங்கள். சாதாரணப் பாலிசியில் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்லும் சந்தை விலைதான் கிடைக்கும். ஆண்டுக்கு இத்தனை மைலுக்குள் என்று வரம்பு ஒப்புக்கொண்டால் தொகை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறையும்.

பெட்ரோல்: 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோல் இ10. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அதிலுள்ள எத்தனால் ஆகாது. விலை உயர்ந்த சூப்பர் ரகத்தைப் போடுங்கள், குழாய்களையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். இதெல்லாம் சில்லறைச் செலவு. ஆனால் பத்தாயிரத்தில் 8,750ஐக் காருக்கே கொடுத்துவிட்டால் முதல் ஆண்டில் வரும் டயர், கிளட்ச், ரேடியேட்டர் ஆகியவற்றை எதைக் கொண்டு சமாளிப்பீர்கள்? என் கணக்கில் உங்கள் உச்ச வரம்பு ஏழாயிரம்.

லெஸ்டர்_நிலா எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன், அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு, வேல்ஸ் மலைகளுக்கு என்றால், ஏன் 1990களின் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐப் பார்க்கக் கூடாது? நான் ஓட்டுவது அதுதான். சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, கிளட்ச் பஞ்சுபோல் இருக்கிறது, மழையில் வைப்பர் வேலை செய்கிறது. எம்ஜிபியில் என் கணவரின் நண்பரோடு ஒருமுறை போனேன். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் பேசவே முடியவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டுக் கடவுளை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 95 குதிரைத் திறன் கொண்ட காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம் இல்லையா?

பழைய_இரும்பு எழுதியது:

நிலா தங்கச்சிக்கு: எம்எக்ஸ்-5 நல்ல கார், மறுப்பில்லை. அதன் முதல் தலைமுறையிலும் சில் பின்சக்கரத்துக்கு முன்னால் அரிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மற்றபடி, அமைதியாகப் பேசிக்கொண்டு போக அவருக்கு டொயோட்டா இருக்கிறது. கையால் திறந்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சரிசெய்யக்கூடிய காரைத்தான் அவர் தேடுகிறார் என்று அவருடைய பதிவிலிருந்து புரிந்துகொண்டேன்.

பிரேக்கைப் பற்றிச் சொன்னது நியாயம். அந்த ஆண்டுக் காரில், மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் சர்வோ இல்லாமலும் இருக்கலாம். அது பிரேக்கின் குறை அல்ல, காலுக்குத்தான் கூடுதல் அழுத்தம் தேவை. இருந்தாலும் பழகாதவர் பயப்படுவார்.

மதுரைக்காரன் எழுதியது:

தம்பி, எனக்கு எம்ஜிபி சொந்தமாக இல்லை. ஆனால் அதன் இன்ஜினின் உடன்பிறப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், இந்த 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். என் தகப்பனாரின் பட்டறையில் அதைப் பிரித்துப் பூட்டியே வளர்ந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

போவதற்கு முன்பே விற்பவரிடம் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் சோக்கை இழுத்துக் கிளப்பும்போது எப்படி உயிர் பெறுகிறது என்பதில் பாதி கதை தெரிந்துவிடும். இருபது நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, ஓடும்போது ஆயில் பிரஷர் முள் 50க்குக் கீழே இறங்கக் கூடாது. நின்றபடி ஐடிலில் 15, 20க்கு வந்தால் கவலை இல்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிறகு மீண்டும் மிதியுங்கள். பின்னால் நீலப் புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. மிதித்துக்கொண்டே போகும்போதும் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங். இரண்டும் உலகம் அழியும் விஷயம் அல்ல, விலையில் கழிக்கும் விஷயம்.

டப்பட் சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள். இந்த இன்ஜின் தையல் மெஷின்போல் கொஞ்சம் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். சத்தமே இல்லாமல் மிக அமைதியாக இருந்தால்தான், வால்வு இடைவெளியை இறுக்கி வைத்து யாரோ சத்தத்தை மறைத்திருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். அப்படி ஓட்டினால் வால்வு கருகிவிடும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட் தேயும் என்பதால், ஹெட்டைக் கழற்றிக் கடின வால்வு சீட் பொருத்தியிருக்கிறார்களா, அதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓவர்டிரைவை மூன்றிலும் நான்கிலும் போட்டுப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் சுவிட்சோ வயரோதான் காரணமாக இருக்கும். ஆனால் கியர்பாக்ஸே போனால், அதைத் தனியாக இறக்க வழியில்லை. இன்ஜினோடு சேர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். கிளட்ச் தகடு மாற்றவும் அதே கதைதான்.

கம்பிச் சக்கரத்துக்கு ஒரு சோதனை: சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, டயரைப் பிடித்து முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். டொக் டொக்கென்று ஆடினால் ஹப்பிலுள்ள பல்வரிகள் தேய்ந்துவிட்டன.

ஹாரோவாசன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. போவதற்கு முன் பதிவெண்ணைக் கொண்டு இணையத்தில் எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பார்த்தேன். நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு எம்ஓடி கட்டாயம் இல்லை என்று 2018இல் விதி வந்ததிலிருந்து இந்தக் காரும் சோதனைக்குப் போகவில்லை. கடைசியாக 2017இல் போயிருக்கிறது. முதல் முறை தோல்வி. சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்துக்கு அருகே அரிப்பு, பலம் குறைந்துள்ளது என்று குறிப்பு. ஒரு வாரத்தில் தேறியிருக்கிறது. விற்பவரிடம் கேட்டதற்கு, "அப்போது வெல்டிங் செய்துவிட்டேன், இப்போது எம்ஓடி தேவையே இல்லையே" என்றார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கட்டாயம் இல்லை என்பதற்கும் தேவை இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம்! எம்ஓடி இல்லாவிட்டாலும் காரைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு ஓட்டுபவருடையதுதான். விரும்பினால் யாரும் சோதனைக்குக் கொண்டுபோகலாம், கட்டண உச்சவரம்பு 54.85 பவுண்டு. அதை நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால், ஐம்பத்தைந்து பவுண்டுக்கு லிஃப்ட்டில் ஏற்றிய காரும், விற்பவருக்கு வேண்டியவர் அல்லாத ஒருவரின் கண்ணும் உங்களுக்குக் கிடைக்கின்றன.

பழைய_இரும்பு எழுதியது:

வழிமொழிகிறேன். ஒரு வாரத்தில் செய்த வெல்டிங் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஜிபியின் சில்லை முறையாக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், உடல் வளையாமலிருக்க கதவு வாசலுக்குக் குறுக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். எம்ஓடிக்காக அவசரத்தில் செய்பவர் இதையெல்லாம் செய்வதில்லை.

ஹாரோவாசன் எழுதியது:

சனிக்கிழமை போய்வந்தேன். எம்ஓடிக்குக் கொண்டுபோக அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட அனுமதித்தார். அன்பான மனிதர், தேநீர் கொடுத்தார், பில்களைப் போட்டு வைத்திருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் கொடுத்தார்.

இன்ஜின் அருமை. மதுரை அண்ணன் சொன்னபடி குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பினேன். சோக்கில் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சூடான பிறகு ஓடும்போது முள் 60க்கு அருகில் நின்றது. ஓவர்டிரைவ் இரண்டு கியரிலும் விழுந்தது. கடின வால்வு சீட் பொருத்திய ஹெட்டுக்குப் பில் இருந்தது. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஆட்டம் இல்லை. ஓட்டும்போது, உண்மையைச் சொல்கிறேன், வாங்கிவிட வேண்டும் என்றே தோன்றியது.

பிறகு படுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் இணைப்புக் கோடு இருக்கிறது. இடப்பக்கம் இல்லை, மட்கார்டிலிருந்து சில்லுக்கு ஒரே தகடுபோல வழவழவென்று போகிறது. அங்கே கதவின் முன்மூலைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. அடியிலிருந்து டார்ச் அடித்தபோது காசில் ரெயில் மேல் தடிமனாகக் கறுப்பு அண்டர்சீல் பூச்சு. விரல் நகத்தால் சுரண்டிய இடத்தில் பூச்சு உரிந்து, உள்ளே பழுப்பாகப் பொடிந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கியதும் இடக்கதவின் பின் இடைவெளி, தொடக்கத்தில் என் சுண்டுவிரல் நுழைந்த இடம், ஒரு வங்கி அட்டை மட்டும் நுழையும் அளவுக்குக் குறுகியது. வலப்பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்று: கதவு ஓரத்து ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நீல வண்ணம். டப்பாவில் வண்ணம் அடித்ததற்கான பில் எதுவும் இல்லை.

பற்றுவைப்பவன் எழுதியது:

இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெல்டிங் என் தொழில் என்பதால் இப்போது எழுதுகிறேன். நீங்கள் விவரித்தது பழைய சில்லின்மேல் கவசத் தகடு வைத்து மூடிய வேலை. அடியில் கறள் அப்படியே இருக்கும். மேல்தகடு அதற்குக் காற்றும் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்ளும், ஈரத்தை மட்டும் தடுக்காது. கதவு இடைவெளி அவ்வளவு குறுகுகிறது என்றால் நடுத்தடுப்புத் தகடும் போயிருக்கும். முறையாகச் செய்தால் தகடுகளின் விலை சில நூறு பவுண்டுதான், மனித உழைப்பே பெரும்பகுதி. ஒரு பக்கத்துக்கே ஆயிரக்கணக்கில் போகும். அதன்பின் அந்தப் பக்கம் முழுவதும் வண்ணம் அடிக்க வேண்டும். சிவப்பை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கத்தோடு ஒத்துவராது.

ஆனால் இதைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் கார். 4,500 பவுண்டுக்குத் தந்தால் வாங்கி, வேலையைச் செய்யக் கொடுக்கலாம்.

மதுரைக்காரன் எழுதியது:

4,500க்கு அவர் தர மாட்டார், தம்பி. அவர் கண்ணுக்கு அது பளபளக்கும் சிவப்புக் கார். நமக்குத்தான் அது வேறு மாதிரி தெரிகிறது.

ஹாரோவாசன் எழுதியது:

மதுரை அண்ணன் சொன்னதுதான் நடந்தது. காந்தம் நிற்காத இடத்தை அவரிடம் காட்டி 5,000 சொன்னேன். வருத்தப்பட்டார், கோபப்படவில்லை, 8,000க்குக் கீழே யோசிக்க மாட்டேன் என்றார். கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் நார்தாம்ப்டன் பக்கம் 1978ஆம் ஆண்டு ஜிடி ஒன்று கண்ணில் பட்டது, 5,200 பவுண்டு. கறுப்பு ரப்பர் பம்பர், மங்கிய வெள்ளை, ஓட்டுநர் இருக்கை கிழிந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கச் சில்லையும் வெட்டித் திறந்து மாற்றிய வேலையின் புகைப்படங்கள் வரிசையாக இருக்கின்றன, பில்லோடு. விற்பவர் தாமாகவே முன்வந்து எம்ஓடியும் ஆண்டுதோறும் செய்வித்திருக்கிறார். ரப்பர் பம்பர் என்றால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்களே, அது அவ்வளவு மோசமா?

பழைய_இரும்பு எழுதியது:

அழகில் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க விதிகளுக்காக 1974 இறுதியில் அந்தப் பம்பரை மாட்டி, காரின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்றினார்கள். வளைவில் சாய்வு கூடிவிட்டது. ஆனால் 1977 மாடலிலிருந்து பின்பக்கமும் சாய்வுத் தடுப்புத் தண்டு வந்ததால், நீங்கள் பார்க்கும் கார் அந்த இடைக்காலக் கார்களைவிட நன்றாகவே திரும்பும். வேண்டுமானால் பிறகு சஸ்பென்ஷனைத் தாழ்த்திக்கொள்ளலாம், அதற்கான பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. பேட்டரியும் ஒற்றைப் பன்னிரண்டு வோல்ட்தான், ஒரு தொல்லை குறைவு. குரோம் பம்பருக்காகச் சிலர் கூடுதலாகக் கொடுக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு அழகுக்கான விலை. ஒதுக்கிய பணத்துக்கு மேல் ஒரு காசும் இல்லாதவர் அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் புகைப்படங்களில் நடுத்தடுப்புத் தகடு புதிதாகத் தெரிகிறதா என்று மட்டும் பற்றுவைப்பவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பற்றுவைப்பவன் எழுதியது:

தனிச்செய்தியில் அனுப்பியிருந்தார், பார்த்தேன். தடுப்புத் தகடு புதியது, காசில் ரெயிலும் புதியது. வாசலுக்குக் குறுக்குத் தாங்கு கொடுத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. என் பட்டறையில் நான் செய்யும் முறையும் அதுதான். போய் ஜாக்கி போட்டுப் பாருங்கள், இடைவெளி மாறவில்லையென்றால் பேரம் பேசாமலே கொடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பேரம் பேசுங்கள். கிழிந்த இருக்கைக்கு இருநூறாவது குறைக்கச் சொல்லுங்கள்.

ஹாரோவாசன் எழுதியது:

வரும் ஞாயிறு காலை போகிறேன், ஜாக்கியும் காந்தமும் டிக்கியில் இருக்கின்றன. தகரத் தட்டு வைப்பதற்கு வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாரம் ஒருமுறை நான்தான் கழுவ வேண்டுமாம்.